பி. ஆர். பந்துலு

பி. ஆர். பந்துலு (1910 – 1974) தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் பெரும்புகழ் பெற்ற திரைப்பட இயக்குநரும் தயாரிப்பாளரும் நடிகரும் ஆவார். இவரது முழுப்பெயர் புடகூரு ராமகிருஷ்ணய்யா பந்துலு. பத்மினி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்தி வந்தார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இரு வரலாற்று மாந்தர்களான பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன், ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆகியோரின் வாழ்வைத் திரையில் நிலைநிறுத்தியவர் இவரே. முன்னவரின் கதை வண்ணத்திலும் பின்னவரின் கதை கறுப்பு வெள்ளையிலும் எடுக்கப்பட்டன. இரண்டும் வழமையான 35 மி.மீ. படச்சுருளில், ஏறத்தாழ சதுரமான சட்டத்தில் பதிவானவை. பந்துலு மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில் அவரது படங்கள் சில அகலத்திரைக்கு மாற்றப்பட்டு மீண்டும் வெளிவந்தன. ஆகவே படச்சுருளின் அளவும் வகையும் காட்சியின் தரத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை அறிய விரும்புவோருக்கு இவரது படங்கள் நல்ல சான்றுகளாக உள்ளன.

இளமையும் நடிப்பும்

கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் கலந்து வழங்கும் கோலார் – சித்தூர் எல்லைப் பகுதியில் பந்துலு பிறந்தார். தொடக்கத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் நாடக மேடைக்கு வந்தார். எச். எல். என். சிம்மா இயக்கிய சம்சார நௌகா (1936) என்ற கன்னடப் படத்தில் கதைத்தலைவனாக நடித்துத் திரையுலகில் நுழைந்தார். அதில் அவருடன் நடித்த எம். வி. ராஜம்மா பிற்காலத்தில் பந்துலுவின் பல படங்களில் பங்கேற்றார். கர்ணன் படத்தில் குந்தியாக வருபவரும் அவரே.

1940களில் பந்துலு தமிழ்ப் படங்களில் துணை வேடங்களில் நடித்தார். ஏவிஎம் நிறுவனத்தின் நாம் இருவர் (1947) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆசிரியர், நடிகர், தயாரிப்பாளர், இயக்குநர் என்ற வரிசையில் அவர் மெதுவாகவே முன்னேறினார். முதல் படத்தை இயக்கியபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தது.

பத்மினி பிக்சர்ஸ்

பத்மினி பிக்சர்ஸ் தயாரித்த தொடக்ககாலத் தமிழ்ப் படங்களை ப. நீலகண்டன் இயக்கினார். கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி (1954), முதல் தேதி (1955) ஆகியவை அவ்வாறு வந்தவை. தங்கமலை ரகசியம் (1957) மூலம் பந்துலு தாமே இயக்குநரானார். இதே கதை ரத்னகிரி ரகசிய என்ற பெயரில் கன்னடத்திலும் எடுக்கப்பட்டது. 1958இல் வெளிவந்த சபாஷ் மீனா நகைச்சுவைப் படங்களில் முன்வரிசையில் வைக்கத்தக்கது. சிவாஜி கணேசனுக்கு இணையான வேடத்தில் இதில் நடித்த ஜே. பி. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர் ஆவார். அதே ஆண்டில் கன்னடத்தில் எடுத்த ஸ்கூல் மாஸ்டர் படத்தில் பந்துலு தாமே ஆசிரியராக நடித்தார். அவர் முன்பு பார்த்த தொழிலுக்கே திரையில் திரும்பினார் என்று சொல்லலாம்.

வீரபாண்டிய கட்டபொம்மன்

சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மன் நாடகத்தைச் சிவாஜி கணேசனின் நாடக மன்றம் 1957 முதல் மேடையேற்றி வந்தது. அந்நாடகத்தைப் பந்துலு திரைப்படமாக்கினார். ஜி. ராமநாதன் இசையமைத்தார். டபிள்யூ. ஆர். சுப்பாராவ் ஒளிப்பதிவு செய்தார். போர்க்காட்சிகளுக்காகப் படக்குழு ஜெய்ப்பூர் வரை சென்றது. 1959 மே 16 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியானது. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார்.

பாஞ்சாலங்குறிச்சி பருத்தியும் பனையும் விளையும் கரிசல், செம்மண் நிலப்பரப்பில், தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வடமேற்கே அமைந்துள்ள சிற்றூர். அங்கிருந்த மண்கோட்டையைக் கும்பினிப் படைகள் இடித்துத் தரைமட்டமாக்கின. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இல்லை, அவரை நேரில் கண்டு தீட்டிய நம்பத்தகுந்த ஓவியமும் இல்லை. ஆகவே பெரும்பாலான தமிழர் மனத்தில் உள்ள கட்டபொம்மன் உருவம் பந்துலுவின் படத்திலிருந்து வந்ததே. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையும் படத்திற்குப் பின்னரே தோன்றியது. கயத்தாறில் சிலை நிறுவியவர் அவ்வேடம் ஏற்ற சிவாஜி கணேசனே. ஒரு திரைப்படம் ஒரு பகுதியின் வரலாற்று நினைவில் இந்த அளவுக்கு இடம்பிடித்தது தமிழில் அரிது. நடிப்பும் வசனமும் இதற்கு முதற்காரணங்கள். வண்ணத்துக்கும் இதில் பங்குண்டு.

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகும். அது பெல்ஜியம் நாட்டு கேவர்ட் நிறுவனத்தின் கேவாகலர் சுருளில் எடுக்கப்பட்டது. கட்டபொம்மன் படத்தையும் பந்துலு கேவாகலரில்தான் எடுத்தார். ஆனால் திரையரங்குகளுக்கான படிகளை லண்டனில் டெக்னிக்கலர் முறையில் எடுப்பித்தார். இவ்வகையில் டெக்னிக்கலரில் வெளியான முதல் தமிழ்ப்படம் இதுவே. இந்தியில் மதர் இந்தியா (1957) இதே வழியைப் பின்பற்றியிருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில் படச்சுருளைக் கடல்கடந்து அனுப்பிப் படியெடுப்பது எளிய செயலன்று.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே விளக்குவது பொருந்தும். சாதாரண வண்ணப்படியில் சாயங்கள் சுருளின் பூச்சுக்குள்ளேயே வேதிவினையால் உருவாகின்றன. அக்காலத்தில் இச்சாயங்கள் உறுதியற்றவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் சில ஆண்டுகளிலேயே நீலச்சாயல் வெளுத்துப் படம் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறிவிடும். பழைய வண்ணப்படங்களைக் கொட்டகைகளில் பார்த்தவர்களுக்கு இந்தச் சிவப்பு நன்கு நினைவிருக்கும். டெக்னிக்கலர் முறையிலோ, நெகடிவிலிருந்து ஒவ்வொரு அடிப்படை நிறத்திற்கும் ஒன்றாக மூன்று அச்சுச்சுருள்கள் தயாராகும். அவற்றில் மேடுபள்ளமாகப் படிந்த ஜெலாட்டின் மீது உறுதியான சாயங்களை ஏற்றி, துணியில் அச்சிடுவது போல ஒன்றன்மேல் ஒன்றாக வெற்றுச்சுருளில் பதிப்பர். இச்சாயங்கள் எளிதில் வெளுப்பதில்லை. படிகளை அச்சுச்சுருள்களிலிருந்து எடுப்பதால் மூல நெகடிவை அடிக்கடி இயந்திரத்தில் ஓட்டித் தேய்க்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தியாவில் மூல நெகடிவிலிருந்து நேராகவே படிகளை எடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. வெற்றிபெற்ற படங்களின் நெகடிவ்களே மிகுதியாகப் பழுதடைந்தமைக்கு அவ்வழக்கம் ஒரு காரணம்.

கப்பலோட்டிய தமிழன்

ம. பொ. சிவஞானம் எழுதிய வ. உ. சி. வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு பந்துலு எடுத்த கப்பலோட்டிய தமிழன் 1961 நவம்பர் 7 அன்று வெளியானது. சிவாஜி கணேசன் வ. உ. சி.யாகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாராகவும், ஜெமினி கணேசன் மாடசாமியாகவும் நடித்தனர். பாரதியார் பாடல்களுக்கு ஜி. ராமநாதன் இசையமைத்தார். ஒளிப்பதிவு இம்முறையும் சுப்பாராவே.

1906இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம், காலியா, லாவோ என்னும் கப்பல்கள், 1908இன் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், கைது, சிறையில் செக்கிழுத்தல், விடுதலைக்குப் பின் வறுமை என வ. உ. சி.யின் வாழ்வை இப்படம் தொடர்ந்து செல்கிறது. வெற்றியில் முடியாத ஒரு வாழ்வை அதன் கசப்புடனேயே காட்டியது. படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது கிடைத்தது. எனினும் வசூலில் படம் தோல்வியுற்றது. பந்துலுவுக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டது. கட்டபொம்மனைக் கொண்டாடிய மக்கள் அதே மண்ணின் வ. உ. சி.யைத் திரையரங்கில் கண்டுகொள்ளாமல் விட்டனர். பின்னாளில்தான் இப்படம் பள்ளி மாணவர்களுக்குக் காட்டப்படும் படங்களில் ஒன்றாக மதிப்புப் பெற்றது.

படம் வெளிவந்த அதே 1961இல்தான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பும் நடைபெற்றது. அதன்பின் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் போதிய சிப்பி விளையாமையால் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. முத்தால் அறியப்பட்ட கடற்கரை, துறைமுகத்தால் அறியப்படும் கடற்கரையாக மாறியது. அத்துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது.

இப்படத்தின் கறுப்பு வெள்ளைச் சுருளைக் குறைபாடாகக் கருதுவது தவறு. கறுப்பு வெள்ளைச் சுருளில் படிமம் வெள்ளித் துகள்களால் ஆனது. நன்கு கழுவிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அத்துகள்கள் வண்ணச்சாயங்களை விட நெடுநாள் நிலைக்கும். இருளுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட சாம்பல் படிநிலைகளை அக்காலத்து வண்ணச்சுருளை விட நுட்பமாகப் பதிவு செய்ய இயன்றது. செக்கிழுக்கும் காட்சியில் முகத்தின் வேர்வையும் சிறைச்சுவரின் நிழலும் பெறும் அழுத்தத்துக்கு இதுவே காரணம். சுருளின் அடித்தளமான அசிட்டேட்டுக்கு மட்டும் வேறொரு பகை உண்டு. ஈரமும் வெப்பமும் கூடினால் அது சிதைந்து புளிக்காடி நெடி வீசத் தொடங்கும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கடற்காற்று வீசும் நகரங்களின் கிடங்குகளில் இவ்வாறு அழிந்த தமிழ்ப்படங்கள் பல.

கர்ணனும் பிற்காலப் படங்களும்

இழப்புக்குப் பின்னும் பந்துலு பெரிய படங்களைக் கைவிடவில்லை. இடையே, பலே பாண்டியா (1962) என்ற நகைச்சுவைப் படத்தை மிகக் குறைந்த நாள்களில் எடுத்து முடித்தார். 1964 பொங்கலன்று வெளியான கர்ணன், ஈஸ்ட்மன்கலரில் எடுக்கப்பட்ட படம். சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என். டி. ராமராவ் கண்ணனாகவும் நடித்தனர். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்தனர். போர்க்காட்சிகள் குருச்சேத்திரத்திலேயே படமாக்கப்பட்டன.

இதன்பின் எம். ஜி. ஆர். நடித்த ஆயிரத்தில் ஒருவன் (1965) படத்தைப் பந்துலு இயக்கினார். தமது சின்னத கொம்பே (1964) என்ற கன்னடப் படத்தில் கதைத்தலைவியாக நடித்த ஜெயலலிதாவை இதில் எம். ஜி. ஆருக்கு இணையாக நடிக்கவைத்தார். நாடோடி (1966), ரகசிய போலீஸ் 115 (1968), தேடிவந்த மாப்பிள்ளை (1970) ஆகியவை தொடர்ந்து வந்தன. கன்னடத்தில் கித்தூர் சென்னம்மா (1961), ஸ்ரீ கிருஷ்ணதேவராய (1970) ஆகியவை அவரது புகழ்பெற்ற வரலாற்றுப் படங்கள். கன்னடத் திரையுலகின் பெரும் இயக்குநராக விளங்கிய புட்டண்ணா கணகால் பந்துலுவிடம் உதவியாளராகப் பயின்றவர்.

1974இல் பந்துலு காலமானார். அப்போது அவர் தொடங்கியிருந்த மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் படத்தை எம். ஜி. ஆர். தாமே இயக்கி முடித்தார். அப்படம் 1978இல் வெளியானது. பந்துலுவின் மகள் பி. ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவைத் தொழிலாக ஏற்றார். சின்ன வீடு (1985) முதலிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த அவர், ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என அறியப்படுகிறார்.

படச்சட்டத்தின் அளவு

பந்துலுவின் புகழ்பெற்ற வரலாற்றுப் படங்கள் யாவும் தமிழில் அகலத்திரை வருவதற்கு முந்தையவை. 1953இல் தி ரோப் என்ற அமெரிக்கப் படத்துடன் சினிமாஸ்கோப் உலகில் அறிமுகமானது. ஆனால் முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல்தான் வந்தது. ஏ. பி. நாகராஜன் இயக்கிய அதற்கு ஒளிப்பதிவு செய்தவர், கட்டபொம்மனையும் கப்பலோட்டிய தமிழனையும் படம்பிடித்த அதே டபிள்யூ. ஆர். சுப்பாராவ். தமிழின் முதல் 70 மி.மீ. படமான மாவீரன் 1986இல் வெளிவந்தது.

வழமையான 35 மி.மீ. படச்சட்டத்தில், திரையில் விழும் பகுதி ஏறத்தாழ 21 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது. ஓர் அஞ்சல்தலையை விடச் சிறியது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37. இதனை 30 அடி அகலத் திரையில் காட்டினால் படிமம் அகலவாக்கில் ஏறத்தாழ 435 மடங்கு பெரிதாகிறது. சுருளில் உள்ள ஒவ்வொரு துகளும் கீறலும் அதே அளவுக்குப் பெரிதாகும். 70 மி.மீ. சுருளில் திரையிடப்படும் பகுதி ஏறத்தாழ 48.6 மி.மீ. அகலமும் 22 மி.மீ. உயரமும் உடையது. பரப்பில் இது மூன்று மடங்குக்கும் மேல். எனவே 60 அடி அகலத் திரையில் காட்டினாலும் உருப்பெருக்கம் ஏறத்தாழ 376 மடங்குதான். திரை இருமடங்காகியும் படம் கூர்மை குன்றாமல் தோன்றுவதற்கு இதுவே காரணம். பரப்பு கூடுவதால் சுருளின் வழியே செல்லும் ஒளியும் கூடும். சட்டத்தின் நடுக்கமும் குறைவாகவே தெரியும்.

சினிமாஸ்கோப் இடைப்பட்ட வழி. சுருள் அதே 35 மி.மீ. தான். சிறப்பு வில்லை ஒன்று காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிவு செய்யும். திரையரங்கில் மற்றொரு வில்லை அதை விரித்து 2.35 என்ற விகிதத்தில் காட்டும். சட்டத்தின் முழு உயரமும் பயன்படுவதால் சுருளின் பரப்பு வீணாவதில்லை.

35 மி.மீ.இல் எடுத்ததைப் பின்னர் 70 மி.மீ.க்குப் பெருக்கிப் படியெடுப்பதும் உண்டு. ஷோலே (1975) அவ்வாறு வெளியானது. ஒளியும் ஆறு தட ஒலியும் இதனால் மேம்பட்டன. ஆயினும் மூல நெகடிவில் பதியாத நுண்மை எதுவும் பெருக்குவதால் வந்துவிடாது.

சிற்றூர்களில் இந்த வேறுபாடுகளுக்கு மேலாக வேறு சில சேர்ந்தன. புதுப்படிகள் முதலில் பெருநகரங்களுக்குச் செல்லும். டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்கு வந்து சேரும்போது படி பல நூறு முறை ஓடியிருக்கும். திரையில் கோடுகோடாகக் கீறல் விழுவதை மக்கள் மழை பெய்கிறது என்று கேலி செய்தனர். கருவியின் ஒளியும் குறைவாக இருந்தது. பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிய ஊர்களிலும் பலர் கட்டபொம்மனை இத்தகைய கொட்டகைகளில், மணல் தரையில் அமர்ந்தே கண்டிருப்பர்.

மீள்வெளியீடுகள்

கர்ணன் படத்தின் பழுதுற்ற மூலச்சுருளை எண்ணிம முறையில் சீரமைத்து, சினிமாஸ்கோப் விகிதத்திற்கு மாற்றி, ஒலியையும் புதுப்பித்து திவ்யா பிலிம்ஸ் 2012 மார்ச் 16 அன்று வெளியிட்டது. சென்னையில் அது நூறு நாள்களுக்கு மேல் ஓடியது. பழைய தமிழ்ப்படங்களைச் சீரமைத்து வெளியிடும் போக்கு இவ்வெற்றியால் வலுப்பெற்றது. ஆயிரத்தில் ஒருவன் 2014இலும், வீரபாண்டிய கட்டபொம்மன் 2015இலும் எண்ணிம வடிவில் மீண்டும் திரைக்கு வந்தன.

இம்முயற்சிகளால் படங்கள் அழிவிலிருந்து காக்கப்பட்டன. கீறல்கள் நீங்கின, வெளுத்த வண்ணம் ஓரளவு மீண்டது. அகலத்திரைக்கு மாற்றுவது வேறு செய்தி. 1.37 விகிதச் சட்டத்தை 2.35 ஆக்க இரண்டு வழிகளே உண்டு. பக்கவாட்டில் இழுத்தால் உருவங்கள் பருத்துவிடும். மேலும் கீழும் வெட்டினால் 15 மி.மீ. உயரத்தில் ஏறத்தாழ 9 மி.மீ. மட்டுமே எஞ்சும். அதாவது காட்சியில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடும். மூல சினிமாஸ்கோப் சுருளோடு ஒப்பிட்டால் வெட்டிய சட்டத்தின் பரப்பு அதில் பாதியே. அப்பாதியை இன்னும் பெரிய திரையில் விரிக்கும்போது துகள்கள் மிகுந்து தெரியும். அவற்றை எண்ணிம முறையில் மழுப்பினால் முகங்கள் மெழுகு பூசியவை போலாகிவிடும்.

கூர்மைக் குறைவை விடப் பெரிய இழப்பு காட்சியமைப்பில் நேர்வது. சதுரத்தை ஒட்டிய சட்டத்துக்காகவே பந்துலுவும் சுப்பாராவும் காட்சிகளை அமைத்தனர். உச்சந்தலை முதல் பாதம் வரை நிற்கும் நடிகர், உயர்ந்த அரண்மனைத் தூண்கள், கயத்தாறு தூக்குமரம் ஆகியவை உயரவாக்கில் அமைந்தவை. மேடை நடிப்பில் வளர்ந்த சிவாஜி கணேசனின் நடையும் நிற்கும் தோரணையும் முழு உருவிலேயே பொருள் தருபவை. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, முழுச் சட்டத்தையும் அப்படியே திரையிடும் முறையும் உள்ளது. உலகின் பல திரைப்படக் காப்பகங்கள் அதையே பின்பற்றுகின்றன. திரை நிறையவில்லை என்ற குறை பார்வையாளர்க்குத் தோன்றலாம். ஆனால் 1959இலும் 1964இலும் திரையரங்குகளில் மக்கள் கண்ட சட்டம் அதுவே.